முதலாளிமார் சண்டையில் தொழிலாளிக்கு என்ன பங்கு?

பத்திரிகையில் கம்பனிச் செய்திப் பக்கம் வந்தால் நம்மில் பெரும்பாலானோர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். எந்தப் பணிப்பாளர் விலகினார், எந்தக் குடும்பம் எத்தனை வீதப் பங்கை வாங்கியது என்பதெல்லாம் கொழும்புக்காரர் விவகாரம் என்று ஒரு நினைப்பு. கூடையோடு மலைக்குப் போகிறவளுக்கு அதனால் ஒரு கிலோ கூடுமா, குறையுமா என்று கேட்கிறவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கத்தையும் வாசியுங்கள் என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

நம் தோட்டங்களின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 இலும் 1975 இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் அவை அரசாங்கத்தின் கைக்குப் போயின. 1992 இல் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் வந்தது. பிறகு அந்தக் கம்பனிகளின் பங்குகள் விற்கப்பட்டன, மீண்டும் கை மாறின. ஒவ்வொரு தடவையும் தோட்டக் காரியாலயத்தில் பெயர்ப்பலகை மாறியது. லயத்தில் இருந்த எவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலே நடப்பது கீழே வந்து சேரத்தான் செய்கிறது. அது நடந்து முடிந்த பிறகுதான் நமக்குத் தெரியவருகிறது.

நம் வீட்டுச் சண்டையை நாமே பார்த்தால் கோபம் கண்ணை மறைக்கும். அடுத்தவர் சண்டையைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கலாம். அதனால் இந்த இதழில் வெளிநாட்டுச் சண்டைகள் இரண்டை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று அமெரிக்காவில் ஒரு சுப்பர்மார்க்கட் கம்பனியில் நடந்தது. மற்றது ஜேர்மனியில் ஒரு கார்க் கம்பனியில் நடந்தது. முதலாவதில் தொழிலாளர்கள் வீதியில் நின்றார்கள். இரண்டாவதில் பணிப்பாளர்களோடு ஒரே மேசையில் இருந்தார்கள்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஆலை நகரம் இருக்கிறது. 1917 இல் கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய டெமூலஸ் என்ற தம்பதியர் அங்கே ஒரு சிறு கடை போட்டார்கள். 1954 இல் டெலிமாக்கஸ், ஜோர்ஜ் என்ற இரண்டு மகன்மார் பெற்றோரிடமிருந்து அதை வாங்கி நடத்தினார்கள். 'மார்க்கட் பாஸ்கட்' என்ற பெயரில் கடை வளர்ந்தது. ஜோர்ஜ் 1971 இல் இறந்துபோனார். தங்கள் பங்கைச் சிறிய தகப்பனும் பெரிய தகப்பனும் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி இருப்பது எந்த ஊரிலும் நடப்பதுதான். பங்கு தங்களுக்குத் தெரியாமலே கரைந்துபோனதாக ஜோர்ஜின் குடும்பம் 1990 இல் வழக்குப் போட்டது. ஏமாற்று நடந்தது உண்மை என்று நீதிமன்றம் தீர்த்து, கம்பனியின் 50.5 வீதத்தை ஜோர்ஜின் பக்கத்துக்குக் கொடுத்தது. மீதி 49.5 வீதம் டெலிமாக்கஸின் பக்கத்துக்கு.

நாங்கள் வகுப்பில் வீதக் கணக்குப் படிப்பிக்கும்போது, ஒரு வீதம் என்றால் நூறில் ஒன்று, சிறிய தொகை என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். இங்கே இரண்டு பக்கத்துக்கும் இருந்த வித்தியாசம் அந்த ஒரு வீதம்தான். 25,000 பேரின் வேலை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆள் பெயர்களும் குழப்பம்தான். டெலிமாக்கஸின் மகன் ஆர்தர் டி., ஜோர்ஜின் மகன் ஆர்தர் எஸ். இருவருமே ஆர்தர் டெமூலஸ். எதிர்ப்பக்கத்து மருமகள் ஒருவரின் ஆதரவும் கிடைத்ததால் 2008 இல் ஆர்தர் டி. கம்பனியின் தலைமைப் பதவிக்கு வந்தார். 2013 இல் அந்த மருமகள் தன் பக்கத்துக்கே திரும்பிப் போனார். பணிப்பாளர் சபை ஆர்தர் எஸ். இன் கைக்கு வந்தது. 2014 ஜூன் 23 ஆம் திகதி ஆர்தர் டி. வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

பிறகு நடந்ததுதான் நாம் பார்க்க வேண்டியது. அந்தக் கம்பனியில் தொழிற்சங்கம் கிடையாது. ஆனால் ஜூலை நடுப்பகுதியில் களஞ்சியக்காரரும் காரியாலயத்தில் இருந்தவர்களும் வெளியே வந்தார்கள். லொறிகள் நின்றன. 71 கடைகள் திறந்துதான் இருந்தன. மரக்கறி, பழம், இறைச்சித் தட்டுகள் வெறுமையாகக் கிடந்தன. முன்னின்ற எட்டுப் பேரை நிர்வாகம் வேலை நீக்கம் செய்தது. கூட்டம் அதனால் இன்னும் பெரிதாயிற்று. வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். வேறு கடையில் சாமான் வாங்கி, அந்தப் பில்லைக் கொண்டுவந்து மார்க்கட் பாஸ்கட் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மாசச்சூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் ஆளுநர்கள் தலையிட்டுப் பேச வேண்டிய நிலை வந்தது. ஆறு வாரத்தில் கம்பனி மண்டியிட்டது. ஓகஸ்ட் 27 ஆம் திகதி இரவு ஒப்பந்தம் முடிந்தது. ஆர்தர் டி. பக்கம் 150 கோடி டொலருக்கு மேல் கொடுத்து எதிர்ப்பக்கத்தின் 50.5 வீதத்தையும் வாங்கிக்கொண்டது. வேலை நீக்கப்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள்.

கோரிக்கை ஒன்றே ஒன்று: எங்கள் முதலாளியைத் திருப்பித் தா.

இதை வாசித்ததும் நம்மில் சிலருக்குச் சிரிப்பு வரும். முதலாளிக்காகத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்வதா? சிரிக்க வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அவர்களுக்குக் காரணம் இருந்தது. இலாபத்தில் ஒரு பகுதி அவர்களுடைய ஓய்வுகால நிதிக்கு வருடாவருடம் போனது. 2008 இன் நிதி நெருக்கடியில் அந்த நிதி 4 கோடி 60 இலட்சம் டொலரை இழந்தபோது ஆர்தர் டி. கம்பனிப் பணத்திலிருந்து ஈடுசெய்தார். சாமான் வண்டி தள்ளிய பையன் கடை முகாமையாளராக வர முடிந்தது. மறுபக்கம் பங்குதாரர்களுக்குப் பணம் கூடுதலாக வர வேண்டும் என்று நின்றது. யார் வென்றால் தங்கள் வயிற்றில் அடி விழும் என்று அந்தத் தொழிலாளர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். வென்றும் காட்டினார்கள். சங்கம் இல்லாமலே இவ்வளவு பேரை ஒரு கோட்டில் நிறுத்தியதை, சந்தாப் பட்டியல் வைத்திருக்கிற நாம் மரியாதையோடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆறு வாரத்தில் அதிகம் இழந்தவர்கள் யார்? விற்பனை விழுந்ததும் பகுதி நேரத் தொழிலாளர்களின் மணித்தியாலங்கள் வெட்டப்பட்டன. வேலை நேரமே கிடைக்காமல் போனவர்களும் உண்டு. சண்டை இரண்டு மச்சான்மாரின் பங்குக்காக. வெறும் கையோடு வீட்டுக்குப் போனது கடைசி வரிசையில் நின்றவர்கள்.

வென்ற பிறகு அவர்கள் கைக்கு என்ன வந்தது? ஒரு நல்ல மனிதர் திரும்பி வந்தார். அது சிறிய விடயமல்ல. ஆனால் இலாபப் பங்கு இத்தனை வீதம் என்றோ, காரணமில்லாமல் வேலை நீக்கம் கூடாது என்றோ, கம்பனியை விற்பதென்றால் எங்களிடமும் கேள் என்றோ தொழிலாளர் பெயரில் ஒரு ஒப்பந்தம் எழுதப்படவில்லை. பணிப்பாளர் சபையில் ஒரு நாற்காலியும் கிடைக்கவில்லை. சங்கமும் உருவாகவில்லை. ஆறு வாரம் கம்பனியின் மூச்சு அவர்கள் கையில் இருந்தது. தங்களுக்கென்று கேட்டிருந்தால் வாடிக்கையாளர்கள் அப்படி உணர்ச்சியோடு நின்றிருக்க மாட்டார்கள் என்று ஒருவர் வாதிடலாம். இருக்கலாம். வென்ற அடுத்த வாரம் கேட்டிருக்கலாமே.

பதினொரு வருடம் கழித்து மறுபடியும் சண்டை வந்தது. இந்தத் தடவை எதிர்ப்பக்கத்து மச்சான் இல்லை. 2014 இல் ஆர்தர் டி. யோடு சேர்ந்து பங்கு வாங்கிய அவருடைய சொந்தச் சகோதரிகள் மூவர். கம்பனியின் பெரும்பான்மைப் பங்கு அவர்களிடம்தான். அவரிடம் இருந்தது 28 வீதம் அளவில். 2025 மே மாதம் பணிப்பாளர் சபை அவரையும் அவருடைய பிள்ளைகளையும் உயர் அதிகாரிகள் சிலரையும் கட்டாய விடுமுறையில் அனுப்பியது. செப்டெம்பரில் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது. 2014 இல் நடந்தது போன்ற பெரும் வெளிநடப்பு இந்தத் தடவை நடக்கவில்லை. கடைகளில் சாமான் இருந்தது, லொறிகள் ஓடின.

மே மாதம் பணிப்பாளர் சபை சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் தொழிலாளர்களைக் கொண்டு மறுபடி வேலைநிறுத்தம் செய்விக்கத் திட்டமிடுகிறார் என்றது சபை. இல்லை என்று அவர் தரப்பு மறுத்தது. யார் சொன்னது உண்மை என்பது நமக்கு முக்கியமில்லை. 25,000 பேரின் பலத்தை அவருடைய பைக்குள் இருக்கும் ஆயுதம் போலவே சபை பேசியது. அந்தப் பலம் அவர்களுடையது. அதைச் சொந்தப் பெயரில் எங்கேயும் பதிந்து வைக்காததால் முதலாளியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது.

இனி ஜேர்மனிக்கு வருவோம்.

வொக்ஸ்வாகன் கார்க் கம்பனியில் நிர்வாகத்துக்கு மேலே மேற்பார்வைச் சபை ஒன்று உண்டு. அந்த நாட்டில் 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் பெரிய கம்பனிகளில் அந்தச் சபையின் அரைவாசி ஆசனங்கள் தொழிலாளர் பக்கத்துக்கு. வொக்ஸ்வாகனில் 20 ஆசனங்கள். பத்து தொழிலாளர் பக்கம். புதிய தொழிற்சாலை கட்டுவதற்கும் இருக்கிற தொழிற்சாலையை வேறிடம் கொண்டுபோவதற்கும் அந்தச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அந்தக் கம்பனிக்கென்றே இருக்கும் சட்டம் சொல்கிறது. தொழிலாளர் பக்கம் சம்மதிக்காமல் ஒரு தொழிற்சாலையையும் தூக்கிக்கொண்டு போக முடியாது.

2015 ஏப்ரலில் அங்கே ஒரு சண்டை வெடித்தது. மேற்பார்வைச் சபையின் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக், கம்பனியின் பெரும்பங்கை வைத்திருந்த குடும்பத்தின் வாரிசு, அந்தக் கம்பனியில் அவர் சொல்லுக்கு மறுசொல் இருந்ததில்லை. அவர் நிர்வாகத் தலைவர் மார்டின் வின்டர்கோர்னை வெளியேற்ற நினைத்தார். சபையின் உள்வட்டத்தில் ஆறு பேர். அவர்களில் மூவர் தொழிலாளர் பக்கம். ஐந்துக்கு ஒன்று என்று பியெக் தோற்றார். அந்த மாதமே பதவி விலகினார். தொழிலாளர்கள் வீதிக்கு வரவில்லை. ஒருவருடைய ஒரு நாள் சம்பளமும் போகவில்லை.

ஆனால் ஐந்து மாதம் போவதற்குள் அந்தக் கம்பனியின் டீசல் மோசடி வெளிவந்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் தாங்கிப் பிடித்த வின்டர்கோர்ன் செப்டெம்பரில் பதவி விலக வேண்டி வந்தது. மேசையில் இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். நிர்வாகத்தோடு நெருங்கி இருப்பதிலும் ஆபத்து உண்டு. சில நேரம் அவர்கள் காட்டுவதை மட்டுமே பார்க்கப் பழகிவிடுவோம்.

இருந்தாலும் கஷ்ட காலம் வந்தபோது அந்த இடம் உதவியது. 2024 செப்டெம்பரில் வொக்ஸ்வாகன், 1994 முதல் இருந்துவந்த வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முறித்தது. தொழிற்சாலைகளை மூடப் போவதாகப் பேச்சு அடிபட்டது. டிசம்பரில் தொழிலாளர்கள் எச்சரிக்கை வேலைநிறுத்தம் செய்தார்கள். நத்தாருக்கு முந்தின வாரம் 'ஐ.ஜீ. மெட்டால்' தொழிற்சங்கம் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. 2030 வரை பலவந்த வேலை நீக்கம் இல்லை. ஜேர்மனியில் தொழிற்சாலைகளை உடனே மூடுவதும் இல்லை. விலையும் கொடுத்தார்கள். 35,000 க்கு மேற்பட்ட வேலைகள் படிப்படியாகக் குறைவதற்கும், சம்பள உயர்வை விட்டுக்கொடுப்பதற்கும் சம்மதிக்க வேண்டி வந்தது. நல்ல ஒப்பந்தமா என்று அங்கேயே விவாதம் நடந்தது. ஆனால் அது தொழிலாளர் சங்கத்தின் பெயரில் எழுதிய கடுதாசி. நாளைக்கு நிர்வாகத் தலைவர் மாறினாலும் கடுதாசி மாறாது.

இப்போது நம் மலைக்கு வருவோம். 'நல்ல துரை' என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை நாளில் பேர் வெட்ட மாட்டார். கொழுந்து குறைந்த பருவத்தில் கிலோவைப் பார்த்து அரைப்பேர் போடச் சொல்ல மாட்டார். கூரைத் தகரம் பறந்தால் கேட்ட வாரமே ஆள் அனுப்புவார். திருவிழாவுக்கு லொறி கொடுப்பார். அவர் மாற்றலாகிப் போகிற நாளில் மாலை போட்டு, தப்படித்து, கண்ணீரோடு அனுப்பி வைக்கிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அடுத்த துரை வந்ததும் நம் தலைவர்மார் போய், "முந்தின துரை இப்படித்தானுங்க செஞ்சாரு" என்று சொல்வார்கள். புதியவர், "எழுத்தில் இருக்கிறதா?" என்று கேட்பார். அந்த இடத்தில் பேச்சு முடிந்துபோகும்.

கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் அதைத் திட்டாத தொழிலாளி இல்லை. சம்பளத்தில் அது நமக்கு நியாயம் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் அதில் சம்பளம் மட்டும் இருக்கவில்லை. வேலை நிபந்தனைகளும் இருந்தன. 2021 இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வந்ததும் கம்பனிகள் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சம்பளம் வர்த்தமானியில் வந்தது. எத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வாய்ப் பேச்சாகிப் போயிற்று. வாய்ப் பேச்சு துரையோடு போய்விடும்.

சேவைக்காலப் பணத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருவது. ஊழியர் சேமலாப நிதிக்குக் கம்பனி போட வேண்டிய 12 வீதமும் சட்டத்தால் வருவதே. தாமதிப்பார்கள், இழுத்தடிப்பார்கள், வழக்குப் போட வேண்டி வரும். ஆனால் அது தன் மனசிருந்தால்தான் கிடைக்கும் என்று எந்த நிர்வாகியும் சொல்ல முடியாது. பங்கு யார் கைக்குப் போனாலும் அந்தக் கடன் பின்னால் போகும்.

மேலே பங்குச் சண்டை வரும்போது கீழே நம்மைத் தேடி வருவார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். "புதுக் கம்பனி வந்தால் உங்கள் கதி என்ன தெரியுமா, இந்த மகஜரில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தரப்பு வரும். "நாங்கள் வந்தால் வீடு தருவோம்" என்று மற்றத் தரப்பு வரும். போடவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. மார்க்கட் பாஸ்கட் தொழிலாளர்களைப் போல யார் வந்தால் நமக்கு நல்லது என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் கையெழுத்துக்கு முன்பு நமக்குரியதை எழுதி வாங்க வேண்டும். அவர்களுக்கு நாம் தேவைப்படுகிற அந்தச் சில வாரங்களில்தான் நம் சொல்லுக்கு விலை உண்டு.

முதலாளிமாரைப் பற்றி மட்டும் பேசினால் நியாயமாகாது. மலையகத்துத் தொழிற்சங்கங்களிலும் தலைமைச் சண்டைகள் நடந்திருக்கின்றன. சங்கங்கள் உடைந்திருக்கின்றன. அப்போதெல்லாம் இந்தத் தலைவர் பக்கம் இத்தனை ஆயிரம் அங்கத்தவர், அந்தத் தலைவர் பக்கம் இத்தனை ஆயிரம் என்று நம் தலைகள் எண்ணப்பட்டன. அந்தப் பணிப்பாளர் சபை 25,000 பேரைப் பற்றிப் பேசிய மாதிரிதான் அதுவும். சந்தா கொடுக்கிறவர், சங்கம் பிரியும்போது தன் தோட்டத்து வழக்குகள் எந்தக் கட்டில் போகின்றன என்று கேட்க வேண்டும்.

பங்குச் சந்தையில் இருக்கும் பெருந்தோட்டக் கம்பனிகள் வருடாந்த அறிக்கை வெளியிடுகின்றன. முதல் இருபது பங்குதாரர் பெயரும் அவர்களின் வீதமும் அதில் இருக்கும். கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடைதான். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது. அந்தப் பிள்ளையை உட்கார வைத்து, நம் கம்பனி யாருடையது, போன வருடத்தை விட இந்த வருடம் யார் பங்கு கூடியிருக்கிறது, சேவைக்காலப் பணத்துக்கென்று கணக்கில் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த மாதம் தோட்டக் கமிட்டிகள் கூடும்போது ஒரு வேலையை முடித்துத் தாருங்கள். இப்போதைய துரை வாயால் ஒத்துக்கொண்டு, எழுத்தில் இல்லாமல் நடந்துவருகிற ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஒரு பேருக்கு எத்தனை கிலோ, மழை நாள் வழக்கம், பிள்ளை மடுவத்துக்கான நேரம், லயத்துத் திருத்த வேலை, கோயில் விடுமுறை. எந்த வருடம் தொடங்கியது, யார் முன்னிலையில் பேசப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தலைவரும் தலைவியும் கையொப்பமிட்டு ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். அவற்றைக் கடிதமாக்கி, திகதி போட்டு, நிர்வாகத்தின் கையொப்பத்துக்கு அனுப்பும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.